அல்போன்ஸ் முஹா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் புத்தக அட்டை வரைந்து பிழைத்தவன் நான். என் மேசைக்கு மேலே அல்போன்ஸ் முஹா என்ற செக் ஓவியர் வரைந்த ஒரு சுவரொட்டியின் பிரதி தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

யார் இவர்? முச்சாவா, முக்காவா?

முஹா. Mucha என்று எழுதுவார்கள், செக் மொழியில் அந்த ch எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் ஹ ஒலி. 1860 ஜூலை 24 அன்று மொராவியாவில் இவான்சிட்சே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசு, அன்று ஆஸ்திரியப் பேரரசு. அப்பா நீதிமன்றத்தில் சேவகர். பையனுக்கு நல்ல குரல், பிர்னோ நகரத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இருந்தான், குரல் உடைந்ததும் அந்த வழி அடைபட்டது. படம் வரைவது மட்டும் நிற்கவில்லை.

நீங்கள் இவரைப் பெயரால் அறியாமல் இருக்கலாம், படத்தைப் பார்த்திருப்பீர்கள். நீளவாக்கில் ஒல்லியான படம், நடுவில் ஒரு பெண், தலைக்குப் பின்னால் திருவாசி மாதிரி ஒரு வட்டம், கூந்தல் மட்டும் தனி உயிர் வந்ததுபோலச் சுருண்டு சுருண்டு படம் முழுக்க ஓடும், சுற்றிலும் பூ, கொடி, கொஞ்சம் தங்க நிறம். அதுதான்.

முறையாகப் படித்தவரா?

படிக்கத்தான் ஆசைப்பட்டார். 1878இல் பிராக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், எடுத்துக்கொள்ளவில்லை. வேறு தொழில் தேடிக்கொள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்களாம். அடுத்த வருடம் வியன்னாவில் நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை வரையும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய துணி, பெரிய தூரிகை, தூரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புரிகிற மாதிரி வரைய வேண்டும். பின்னாளில் ஆளுயரச் சுவரொட்டியும் அதற்கும் பின்னால் வீட்டுச் சுவரை விடப் பெரிய ஓவியங்களும் அவருக்குக் கைவந்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1881 டிசம்பரில் வியன்னாவின் ரிங் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். நிறுவனத்தின் முக்கியமான வாடிக்கையாளரே அந்த அரங்கம்தான், ஆகவே புதிதாகச் சேர்ந்த முஹாவுக்கு வேலை போயிற்று. கையில் இருந்த காசு எவ்வளவு தூரத்துக்குப் போதுமோ அவ்வளவு தூரம் ரயில் ஏறி, மிகுலோவ் என்ற ஊரில் இறங்கியதாகச் சொல்வார்கள். அங்கே ஊர்க்காரர்களின் முகத்தை வரைந்து கொடுத்துச் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த கூன் பெலாசி பிரபு தன் மாளிகைச் சுவர்களில் வரையக் கூப்பிட்டார், வேலை பிடித்துப்போய் மியூனிக்கில் படிக்க வைத்தார், 1887இல் பாரிஸுக்கும் அனுப்பினார்.

அப்போது பாரிஸுக்குப் போனதும் பெரிய ஆளாகிவிட்டாரா?

எங்கே! இரண்டு வருடம் ஜூலியன், கொலரோஸி என்ற தனியார் ஓவியப் பள்ளிகளில் படித்தார். 1889இல் பிரபு பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். இவருக்கு வயது 28, வேற்று நாடு, சொந்தக்காரர் யாரும் இல்லை. அவித்த பயறும் மொச்சையும் தின்று காலத்தை ஓட்டினார் என்பது அவரே பிற்பாடு சொன்ன கதை.

அடுத்த ஐந்தாறு வருடம் முழுக்க முழுக்கப் பத்திரிகைப் படமும் புத்தகப் படமும்தான். குழந்தைகள் கதை, நாடக உடை பற்றிய பத்திரிகை, சார்ல் செய்ஞோபோஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய ஜெர்மானிய வரலாற்றுக் காட்சிகள் என்று எது வந்தாலும் வரைந்தார். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இதுதான் முக்கியம். தேதி தவறாமல் கொடுக்க வேண்டும், கதையில் குதிரை வந்தால் குதிரை, முற்றுகை வந்தால் முற்றுகை, எனக்கு வராது என்று சொல்லக் கூடாது. ஒரு வாரத்துக்குள் ஆளுயரப் படம் வேண்டும் என்று பின்னால் கேட்கப்பட்டபோது கை நடுங்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த வருடங்கள்.

அந்தக் காலத்தில் அவர் குடியிருந்த தெருவில் மதாம் ஷார்லோத் நடத்திய ஒரு சின்ன உணவகம் உண்டு, கையில் காசில்லாத ஓவியர்கள் கூடும் இடம். பால் காகின் என்ற பிரெஞ்சு ஓவியர் அங்கேதான் பழக்கம். 1893இல் தாகித்தி தீவிலிருந்து காலிப் பையோடு திரும்பி வந்த காகினுக்கு முஹா தன் பட்டறையில் இடம் கொடுத்தார். முஹா எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது: காகின் மேலே கோட்டு போட்டுக்கொண்டு, கீழே கால்சட்டை இல்லாமல், ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஏன் கால்சட்டை இல்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாரா பெர்னார் கதை உண்மையா?

பாதி உண்மை, பாதி மெருகு. எல்லோருக்கும் தெரிந்த வடிவம் இது. 1894 கிறிஸ்துமஸ் மறுநாள், பாரிஸின் ஓவியர்கள் எல்லாம் விடுமுறையில். ஊருக்குப் போகக் காசில்லாத முஹா, லெமெர்சியே அச்சகத்தில் நண்பர் ஒருவருக்காகச் சோதனைப் படிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அன்றைய உச்ச நட்சத்திரம் சாரா பெர்னாரிடமிருந்து அவசரச் செய்தி: கிஸ்மோண்டா நாடகத்துக்குப் புதுச் சுவரொட்டி வேண்டும், புத்தாண்டு அன்று தெருவில் ஒட்டியிருக்க வேண்டும். அச்சக மேலாளர் சுற்றும் முற்றும் பார்க்கிறார், இருப்பது இந்தச் செக்காரர் மட்டும்தான்.

நல்ல கதைதான். ஆனால் முஹா அந்த அம்மாளை அதற்கு முன்பே பத்திரிகைக்காக வரைந்திருக்கிறார், கிஸ்மோண்டா வேடத்தில்கூட வரைந்திருக்கிறார். அதனால் வானத்திலிருந்து குதித்த அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: 1895 ஜனவரி 1 அன்று சுவரொட்டி பாரிஸ் தெருக்களில் இருந்தது, முஹா யார் என்று ஊரே கேட்டது.

அப்படி என்ன இருந்தது அந்தச் சுவரொட்டியில்?

அன்றைக்குப் பாரிஸ் சுவரெல்லாம் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும்தான், துள்ளிக் குதிக்கும் பெண்கள், கத்துகிற எழுத்துகள். ஷெரே என்பவர் அதில் மன்னன். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஏறக்குறைய 2 மீட்டருக்கு மேல் உயரமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஒல்லிப் படம் வருகிறது, இரண்டு தாளை மேலும் கீழுமாக ஒட்டிச் சேர்த்தது. அதில் ஒரே ஒரு பெண், கிட்டத்தட்ட ஆளுயரம், தங்கச் சரிகை அங்கி தரையில் புரள, கையில் நீளமான குருத்தோலை, தலையில் பூ. மேலே வளைவாகப் பெர்னாரின் பெயர், அதற்குப் பின்னால் பழைய பைசாந்தியத் தேவாலயங்களில் இருக்குமே, அந்தச் சில்லுப் பதிப்பு (மொசைக்). நிறங்கள் எல்லாம் அடங்கிய தொனி. தெருவில் ஒரு சாமி படத்தை வைத்த மாதிரி.

பெர்னாருக்கு அப்போது 50 வயது. படத்தில் வயதே இல்லை. நடிகைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆறு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டார். கமேலியா சீமாட்டி, லொரென்ஸாச்சோ, மெதேயா, ஹாம்லெட், தோஸ்கா என்று வரிசையாகச் சுவரொட்டிகள், அதோடு மேடை அமைப்பு, உடை, நகை என எல்லாவற்றிலும் முஹாவின் கை. ஒட்டிய சுவரொட்டிகளை இரவோடு இரவாகச் சுவரிலிருந்து வெட்டி எடுத்துப் போனார்கள் என்றும், ஒட்டுகிறவனுக்கே காசு கொடுத்து வாங்கினார்கள் என்றும் சொல்வதுண்டு.

சுவரொட்டி வரைந்து சம்பாதிக்க முடிந்ததா?

முடிந்தது, அதற்குக் காரணம் ஷாம்பனுவா என்ற அச்சகக்காரர். 1896இல் அவர் முஹாவைத் தனக்கு மட்டும் வரையும்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். இங்கேதான் வியாபார மூளையைப் பார்க்க வேண்டும். ஒரே படம் முதலில் நாள்காட்டியாக வரும், அப்புறம் எழுத்தை எடுத்துவிட்டால் வீட்டில் மாட்டும் அலங்காரப் படம், சின்னதாக்கினால் அஞ்சலட்டை, இன்னொருவன் பெயரைப் போட்டால் அவனுக்கு விளம்பரம். ராசிச் சக்கரம் என்று ஒரு படம், ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், தலையைச் சுற்றி 12 ராசிகள்: ஷாம்பனுவாவின் நாள்காட்டிக்காக வரைந்தது, பிறகு ஒரு இலக்கியப் பத்திரிகை வாங்கித் தன் நாள்காட்டியாகப் போட்டது, அதற்குப் பிறகும் பல வடிவங்களில் வந்தது. மளிகைக் கடை காலண்டரில் வந்த லட்சுமி படத்துக்கு அடுத்த வருடம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

ஓவியம் என்றால் பணக்காரன் வீட்டில் ஒன்றே ஒன்று இருப்பது என்ற வழக்கத்தை இது உடைத்தது. நான்கு பருவங்கள் என்ற தொகுப்பைச் சாதாரண வேலைக்காரக் குடும்பமும் வாங்கி மாட்ட முடிந்தது. முஹாவுக்கும் அதில் பெருமைதான். ஆனால் கூடவே அலுப்பும் வந்தது. ஷாம்பேன், பிஸ்கட், மிதிவண்டி, குழந்தை உணவு என்று விளம்பரம் விடாமல் வந்துகொண்டே இருந்தது, அச்சகக்காரரின் இயந்திரம் சும்மா நிற்கக் கூடாது அல்லவா? எனக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஒரு பதிப்பகத்துக்கு நான் ஒருமுறை வரைந்து கொடுத்த அட்டைப்படம் நான்கு வேறு புத்தகங்களில் வந்ததைப் பழைய புத்தகக் கடையில்தான் பார்த்தேன், காசு ஒருமுறைதான் வந்தது. முஹாவுக்காவது மாதாமாதம் வந்தது.

உங்கள் மேசைக்கு மேல் இருப்பது எது?

ஜோப். சிகரெட் சுற்றும் தாளுக்கான விளம்பரம், 1896. ஒரு பெண் கண்ணைப் பாதி மூடி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்துப் புகைக்கிறாள். முடி அவ்வளவும் கருப்பு வளையங்களாகப் பிரிந்து, சட்டத்தையும் தாண்டி வெளியே போகிறது. நடுவே ஒரு மெல்லிய புகைக் கோடு மேலே ஏறி நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் நெளிகிறது. பின்னால் இருக்கும் கோலத்தை உற்றுப் பார்த்தால் அதுவும் அந்தப் பெயரின் எழுத்துகளால் நெய்ததுதான். தாளை விற்கிற படத்தில் தாளே கண்ணில் படாது.

பெண் புகைப்பதை மரியாதைக்குரிய இடத்தில் காட்டத் தயங்கிய காலம் அது. சிகரெட்டை நான் விட்டு வருடங்கள் ஆகின்றன, படத்தை மட்டும் விட முடியவில்லை.

எப்படி வரைந்தார்? எல்லாம் கற்பனையா?

புகைப்படம் வைத்துத்தான், அதில் அவருக்குக் கூச்சமும் இல்லை. பெண்களைப் பட்டறைக்கு வரவழைத்து, துணியைச் சுற்றி, நிற்க வைத்துத் தானே படம் எடுப்பார். அதன்மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைவார். அந்தக் கட்டம் போட்ட புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

அச்சு கல்லச்சு முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல் அல்லது தகடு, ஒரே தாள் அத்தனை முறை இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும், ஒரு நூல் தள்ளினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். அவர் படங்களில் உருவத்தைச் சுற்றித் தடித்த கோடும் உள்ளே மெல்லிய கோடுகளும் இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை, நிறம் கொஞ்சம் விலகினாலும் தடித்த கோடு அதை விழுங்கிவிடும். அச்சகத்தில் நின்றவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

ஆர் நூவோ பாணியின் தந்தை என்கிறார்களே?

அவருக்கே பிடிக்காத பட்டம். ஆர் நூவோ என்றால் புதுக் கலை. கலை நிரந்தரமானது, அதில் புதுசு என்ன பழசு என்ன என்பது அவர் கட்சி. பாரிஸில் அந்தப் பாணிக்கே முஹா பாணி என்று பெயர் வந்தபோதும், தன் கோடுகளின் வேர் மொராவியக் கிராமத்துப் பூவேலைப்பாட்டிலும் தேவாலயத்திலும் இருக்கிறது என்றுதான் சொன்னார்.

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் போஸ்னியா-ஹெர்ஸகோவினா மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது, கொடுத்தது ஆஸ்திரிய அரசு. போஸ்னியாவோ அப்போது ஆஸ்திரியாவின் பிடியில் இருந்த ஸ்லாவ் பூமி (செக், ரஷ்யர், செர்பியர் போல ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள்தான் ஸ்லாவ்கள்). தகவல் திரட்ட பால்கன் பக்கம் சுற்றிவிட்டு வந்தவருக்கு உறுத்தல் ஆரம்பித்தது: நானும் ஸ்லாவ், என் ஊரும் அதே பிடியில், நான் எஜமானனின் மண்டபத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறேன். ஸ்லாவ் மக்களின் கதையைப் பெரிய ஓவியங்களாக வரைய வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் கிளம்பியது.

அமெரிக்காவுக்கு ஏன் போனார்?

பணத்துக்கு. 1904இல் முதல்முறை போனார், அமெரிக்கப் பத்திரிகைகள் ஆரவாரமாக வரவேற்றன. பணக்காரச் சீமாட்டிகளின் முகங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து சேர்த்துவிட்டால், அந்தப் பெரிய வேலையை ஆரம்பிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரியாக வரவில்லை. அவருக்கு எண்ணெய் வண்ணம் இயல்பாக வரவில்லை, ஆளின் முகச்சாயலைப் பிடிப்பதை விட அலங்காரத்தில்தான் கை போகும். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பாடம் நடத்தினார். நடுவே 1906இல் மருஷ்கா ஹிடிலோவாவைத் திருமணம் செய்துகொண்டார், மகள் யாரொஸ்லாவா 1909இல் நியூயார்க்கில்தான் பிறந்தாள்.

கடைசியில் சார்ல்ஸ் கிரேன் என்ற சிகாகோ செல்வந்தர் கைகொடுத்தார். குழாய், வால்வு வியாபாரத்தில் சேர்ந்த குடும்பச் சொத்து, ஸ்லாவ் நாடுகள் மீது அவருக்குப் பைத்தியம். 1909 கிறிஸ்துமஸ் சமயத்தில் செலவை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தார். முஹா இவருடைய மகள் யோசஃபீனை ஸ்லாவியா என்ற தேவதை உருவில் வரைந்திருந்தார். அந்த முகம் பிறகு செக்கோஸ்லோவாகியாவின் 100 கிரௌன் நோட்டில் ஏறியது. சிகாகோ பெண்ணின் முகத்தோடு செக் மக்கள் காய்கறி வாங்கினார்கள்!

ஊர் திரும்பியதும் மாலை மரியாதைதானே?

அதுதான் இல்லை. 1910இல் திரும்பினார். பிராக் நகர மன்ற மாளிகையை அலங்கரிக்கும் வேலை அவருக்குப் போகிறது என்றதும் உள்ளூர் ஓவியர்கள் கொதித்துப் போனார்கள். இருபது வருடம் வெளியில் பெயரும் பணமும் சம்பாதித்துவிட்டு வந்து எங்கள் சோற்றில் கைவைக்கிறாயா என்ற தொனி. கடைசியில் அவருக்குக் கிடைத்தது மேயர் மண்டபம் மட்டும். போன இடத்தில் செக்காரன், வந்த இடத்தில் பாரிஸ்காரன்: வெளிநாடு போய் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த நிலைமையைச் சொல்வார்கள்.

அவர் சண்டைக்குப் போகவில்லை. ஸ்பிரோஹ் கோட்டையில் பெரிய கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வேலையில் இறங்கினார்.

ஸ்லாவ் காவியம் எப்படிப்பட்டது?

ஸ்லாவ் மக்களின் கதையைச் சொல்லும் 20 ஓவியங்கள். மிகப் பெரியவை 6 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம். கப்பல் பாய்க்குப் பயன்படும் துணியில் முட்டைக்கரு சேர்த்த டெம்பரா வண்ணம். முடிக்க ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் படத்தைச் சொல்கிறேன். நீல இருட்டு, வானம் நிறைய நட்சத்திரம். கீழே முன்புறம் புல்லுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் பதுங்கியிருக்கிறார்கள், வெள்ளை உடை, நேராக நம்மைப் பார்க்கும் பயந்த கண்கள். தூரத்தில் அவர்கள் கிராமம் எரிகிறது. காவியம் என்று பெயர் வைத்துவிட்டு வாளோடு அரசனை நிறுத்தாமல் ஒளிந்திருக்கும் இரண்டு பேரில் ஆரம்பிக்கிறார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. ரஷ்யப் பண்ணையடிமை ஒழிப்புப் படமும் அப்படித்தான். 1913இல் ரஷ்யாவுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்ததில் கொண்டாட்டமே இல்லை, பனிமூட்டத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஜனங்கள்தான் இருக்கிறார்கள்.

எல்லாப் படமும் இந்தத் தரம் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலவற்றில் நாடகத் திரைச்சீலை வாடை அடிக்கிறது. 1928இல் அத்தனையையும் பிராக் நகரத்துக்குக் கொடையாகக் கொடுத்தார், வைப்பதற்கு மண்டபம் கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்குள் காலம் மாறிவிட்டது. நாடு 1918இலேயே சுதந்திரம் அடைந்துவிட்டது, புது நாட்டின் முதல் அஞ்சல் தலையையே இவர்தான் வடிவமைத்தார், ஆனால் இளைய ஓவியர்களுக்கு இந்தக் காவியம் பழங்கதை. மண்டபம் வரவில்லை.

கடைசிக் காலம்?

1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராக்குக்குள் நுழைந்தது. ஸ்லாவ் பெருமை பேசியவர், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதர அமைப்பில் உறுப்பினர் வேறு. நாஜிகளின் ரகசியப் போலீஸ் கெஸ்டபோ பிடித்துப்போய் விசாரித்தது. விட்டார்கள், ஆனால் உடம்பு தாங்கவில்லை, நிமோனியாவில் ஜூலை 14 அன்று இறந்தார். இன்னும் பத்து நாளில் 79 முடிந்திருக்கும். வீஷெஹ்ராட் கல்லறையில் இருக்கிறார்.

அப்புறம் எப்படி இவ்வளவு புகழ்?

கொஞ்ச காலம் மறந்தேவிட்டார்கள். 1963இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகக் கண்காட்சி கண்ணைத் திறந்தது, அடுத்த சில வருடங்களில் சான் பிரான்சிஸ்கோவின் ராக் இசைச் சுவரொட்டிகளில் முஹாவின் கூந்தல் ஓட ஆரம்பித்தது, ஜோப் பெண்ணையே அப்படியே தூக்கி வைத்தார்கள். ஜப்பானில் அவர் செல்வாக்கு 1900களின் தொடக்கத்திலேயே இருந்தது, மாங்கா எனப்படும் இன்றைய ஜப்பானியப் படக்கதைப் பெண்களின் முடியிலும் பூவிலும் அதைப் பார்க்கலாம்.

அவர் பெரிதாக நினைத்தது காவியத்தை. உலகம் எடுத்துக்கொண்டது சிகரெட் தாள் விளம்பரத்தை. இதை அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜோப்பை வரைந்தபோதும் அவர் கை ஏமாற்றவில்லையே.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

சுவரொட்டிகள், அலங்காரப் படங்களுக்குப் பிராக்கில் இருக்கும் முஹா அருங்காட்சியகம், ஜப்பானில் ஒசாகா பக்கத்தில் சகாய் நகரத்தில் இன்னொன்று. 1901இல் நகைக்கடைக்காரர் ஃபூக்கேவுக்காக வடிவமைத்த கடை முழுதாகப் பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. ஸ்லாவ் காவியம் போர்க்காலத்தில் சுருட்டி ஒளித்துவைக்கப்பட்டு, 1963 முதல் மொராவ்ஸ்கி க்ரும்லோவ் ஊர்க் கோட்டையில் இருந்தது. 2012இல் பிராக் எடுத்துக்கொண்டது, 2017இல் டோக்கியோ போய்வந்தது, 2021இல் மறுபடி க்ரும்லோவ். இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் புத்தக அட்டைக்கு முஹா படம் போடலாமா?

போடலாம். இறந்து எழுபது வருடம் எப்போதோ தாண்டிவிட்டது, காப்புரிமை முடிந்துவிட்டது. யாரோ எடுத்த நல்ல புகைப்படத்தைப் பயன்படுத்தினால் அதற்குத் தனி உரிமை கேட்கலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொழில் விஷயம்: இரண்டு மீட்டர் படத்தைப் புத்தக அளவுக்குச் சுருக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய கோடுகள் மை அடைத்து அழுக்காகிவிடும். முழுப் படத்தையும் திணிக்காமல் முகம், கை, கொஞ்சம் முடி என்று ஒரு துண்டை எடுங்கள். அப்புறம் தயவுசெய்து அந்தப் பெண்ணின் நெற்றியில் தலைப்பை அச்சடிக்காதீர்கள், பார்த்து நொந்துபோன ஆள் நான்.